மாற்று ஈரநிலம் தருவோம் என்று எழுதும் முன்

சூழல் தாக்க அறிக்கைகள் எழுதும் இளம் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

என்னிடம் நீரியல் படித்தவர்களில் பலர் இன்று சூழல் ஆலோசனை நிறுவனங்களில் வேலை பார்க்கிறீர்கள். சிலர் கட்டுமான நிறுவனங்களில், சிலர் அரசுத் துறைகளில். ஒரு சாலைக்கோ, பணிமனைக்கோ, அடுக்குமாடிக் குடியிருப்புக்கோ சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாராகும்போது அதன் அத்தியாயங்களை உட்கார்ந்து எழுதுவது நீங்கள்தான். கையெழுத்து மேலே இருப்பவருடையதாக இருக்கலாம், வாக்கியம் உங்களுடையது. அப்படி நீங்கள் எழுத நேரும் ஒரு வாக்கியத்தைப் பற்றிப் பேசவே இந்த மடல். "திட்டத்தால் இழக்கப்படும் சதுப்பு நிலத்துக்கு ஈடாக, வேறோர் இடத்தில் அதே பரப்பளவில் புதிய ஈரநிலம் உருவாக்கப்படும்." இதுதான் அந்த வாக்கியம்.

எழுத இரண்டு நிமிடம் ஆகாது. படிக்கும் குழுவினருக்கும் மனம் நிறைந்துவிடும். எதுவும் இழக்கப்படவில்லை, இடம்தான் மாறுகிறது என்ற எண்ணத்தை அது தந்துவிடுகிறது. ஆனால் இந்த ஒற்றை வரியை நிறைவேற்ற உலகத்தில் பலர் பெரும் பணமும் அறிவும் செலவழித்துப் பார்த்திருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொண்டபின் நீங்கள் எழுத வேண்டும் என்பது என் ஆசை. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிய ஈரநிலத்தில் நீர் நின்று, மண் பழுத்து, உயிர்கள் வந்து சேர்ந்துவிட்டன என்று அளந்து காட்டிய பிறகுதான் பழையதில் முதல் லாரி மண் விழலாம். அவ்வளவு காலம் காத்திருக்க முடியாத திட்டம் என்றால், அந்த வாக்கியத்தை எழுத உங்களுக்கு உரிமை இல்லை.

வேல்ஸ் நாட்டுத் தலைநகர் கார்டிஃபில் நடந்ததைச் சொல்கிறேன். டாஃப், ஈலி என்று இரண்டு ஆறுகள் அங்கே கடலில் கலக்கின்றன. அந்தக் கடற்பகுதியில் ஓதம் மிகப் பெரியது. தண்ணீர் இறங்கும்போது விரிகுடா முழுக்கச் சேற்றுவெளி தலைகாட்டும். புழுவும் நத்தையும் நிறைந்த அந்தச் சேற்றை நம்பிக் குளிர்காலமெல்லாம் கரைப்பறவைகள் வாழ்ந்தன. சட்டப் பாதுகாப்புப் பெற்ற இடம் அது. நலிந்துபோன பழைய துறைமுகப் பகுதியைப் புதுப்பிக்க, சேறு தெரியாத அழகான நீர்ப்பரப்பு வேண்டும் என்று நகரம் முடிவெடுத்தது. 1993இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. 1999இல் தடுப்பணை மூடப்பட்டது. ஏறத்தாழ 200 ஹெக்டேர் நன்னீர் ஏரி பிறந்தது. சேற்றுவெளி அதற்கு அடியில் போயிற்று.

ஈடும் கொடுத்தார்கள். நியூபோர்ட் நகருக்கு அருகே, அஸ்க் ஆற்றின் முகத்துவாரத்தில், அனல்மின் நிலையத்தின் சாம்பல் நிரப்பிக் கிடந்த குளங்களையும் மேய்ச்சல் நிலங்களையும் எடுத்து 400 ஹெக்டேருக்கும் மேல் ஈரநிலமாக மாற்றினார்கள். இழந்ததைப்போல இரண்டு மடங்கு! நாணல் காடு, ஈரப்புல்வெளி, உவர்நீர்க் குளங்கள் என்று அது இன்று மிக அழகான சரணாலயம். கோணமூக்கு உள்ளான்கள் அங்கே கூடு கட்டின. நாணலுக்குள் ஒளிந்து வாழும் பெருங்குருகும் வந்து சேர்ந்தது. அந்த இடத்தை உருவாக்கியவர்களின் உழைப்பை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

ஆனால் கார்டிஃப் சேற்றில் இரை தேடிய சிவப்புக்கால் உள்ளான்களுக்கு நாணல் காட்டில் என்ன வேலை? பறவை ஆய்வாளர்கள் அணை மூடுவதற்கு முன்பே அவற்றின் கால்களில் வண்ண வளையங்கள் மாட்டி வைத்திருந்தார்கள். அதனால் ஒவ்வொன்றும் எங்கே போயிற்று என்று தொடர முடிந்தது. பெரும்பாலானவை பக்கத்திலிருந்த ரிம்னி ஆற்று முகத்துவாரத்துக்குப் போயின. அங்கே ஏற்கனவே வேறு பறவைகள் இருந்தன. இடம்பெயர்ந்தவை மெலிந்தன. வளர்ந்த பறவைகளின் இறப்பு விகிதம் முன்பிருந்ததைவிட 44 விழுக்காடு கூடியது என்று 2006இல் வெளியான ஆய்வுக் கட்டுரை காட்டியது. 'வேறு இடம் பார்த்துப் போய்விடும்' என்று பறவைகளைப் பற்றி நம் அறிக்கைகளில் ஒரு வரி வரும், கவனித்திருப்பீர்கள். போன இடத்தில் அவற்றுக்கு என்ன ஆனது என்று உட்கார்ந்து எண்ணிய மிகச் சில ஆய்வுகளில் இது ஒன்று.

பரப்பளவில் இரட்டிப்பாகவும், நிர்வாகத்தில் நேர்மையாகவும், பணத்தில் தாராளமாகவும் நடந்த ஒரு மாற்றீட்டின் கதை இது. அதனால்தான் இதை முதலில் சொன்னேன். ஊழலும் அலட்சியமும் நடந்த இடத்தைக் காட்டியிருந்தால், 'நாங்கள் ஒழுங்காகச் செய்வோம்' என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள்.

இன்னோர் இடம், அமெரிக்காவின் சான் டியாகோ விரிகுடா. நெடுஞ்சாலையை அகலப்படுத்தவும் வெள்ளக் கால்வாய் வெட்டவும் அங்கே உப்புச் சதுப்பின் ஒரு பகுதி பலியானது. அழியும் நிலையில் இருந்த, கானாங்கோழி இனத்துப் பறவை ஒன்று அந்தச் சதுப்பை நம்பி வாழ்ந்தது. அதனால் நிபந்தனை கடுமையாகவே இருந்தது. புதிதாக உருவாக்கும் சதுப்பில் அந்தப் பறவை கூடு கட்ட ஏற்ற சூழல் வரவேண்டும். அதை அளந்து காட்ட வேண்டும். ஜாய் செட்லர் என்ற சூழலியலாளர் தம் குழுவோடு பத்தாண்டுக்கும் மேல் அதைக் கண்காணித்தார்.

அந்தப் பறவை கோரைபோல் வளரும் ஓர் உப்புநிலப் புல்லில் கூடு கட்டும். ஓதம் ஏறும்போது கூடு மிதந்து மேலே வரும். உயரமான தண்டுகள் அதை அடித்துச் செல்லாமல் பிடித்துக்கொள்ளும். ஆகவே 90 சென்டிமீட்டரைத் தாண்டிய தண்டுகள் நெருக்கமாக நிற்க வேண்டும். புல் நட்டார்கள், பிடித்தது, பச்சைப்பசேல் என்று பரவியது. உயரம் மட்டும் வரவில்லை. காரணத்தைத் தேடியபோது மண்ணுக்கு வந்து நின்றார்கள். விரிகுடாவில் தூர்வாரிக் கொட்டிய மணற்பாங்கான மண் அது. மட்கிய பொருள் குறைவு. நைட்ரஜனைப் பிடித்து வைக்கும் திறன் அதற்கு இல்லை. யூரியா போட்டார்கள். போட்ட ஆண்டு புல் உயர்ந்தது. நிறுத்தியதும் பழையபடி குட்டையானது. பக்கத்திலிருந்த வேறு செடிகளும் அந்த உரத்தைத் தின்று கொழுத்தன. அதன்பின் செதில்பூச்சி பெருகிப் புல்லை உறிஞ்சியது. இயற்கையான சதுப்பில் அந்தப் பூச்சியைத் தின்னும் வண்டு உண்டு. ஓதம் ஏறும்போது வண்டு ஒதுங்க மேட்டுப்பகுதி வேண்டும்; புதிய சதுப்பில் அப்படி ஒரு மேடு அமையவில்லை. கண்காணித்த காலத்தில் எதிர்பார்த்த பறவை அங்கே கூடு கட்டவே இல்லை.

இந்த விவரங்களை நான் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் சொல்வதுண்டு. புல்லின் உயரம் மண்ணின் நைட்ரஜனைப் பொறுத்தது. அந்த நைட்ரஜன் பல பத்தாண்டு மட்கலில் இருக்கிறது. பூச்சிக் கட்டுப்பாடு ஒரு மேட்டில் இருக்கிறது. வரைபடத்தில் இவற்றில் எதற்கும் கோடு கிடையாது. நாம் கிடைமட்டமும் ஆழமும் அளந்து மண் வெட்டுகிறோம். ஈரநிலத்தை ஈரநிலமாக ஆக்குவது அந்த மண்ணில் பிராணவாயு இல்லாத கருப்பு அடுக்கு, அதற்குள் உறங்கும் விதைகள், ஆண்டுதோறும் நனைந்து காயும் தாளம். இவற்றில் ஒன்றைக்கூட டெண்டரில் வாங்க முடியாது.

அமெரிக்காவின் அனுபவம் நமக்கு வேண்டும். இந்தத் துறையில் அவர்கள் அளவுக்கு நீண்டகாலம் முயன்றவர்கள் இல்லை. 1972ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டத்தின் 404ஆம் பிரிவின்படி, சதுப்பில் மண் கொட்ட ராணுவப் பொறியாளர் படையின் அனுமதி வேண்டும். 1989இல் அதிபர் ஜார்ஜ் புஷ், முந்தைய புஷ்ஷைச் சொல்கிறேன், ஈரநிலத்தில் நிகர இழப்பு இனி இருக்கக்கூடாது என்பதைத் தேசிய இலக்காக அறிவித்தார். அழிப்பவர் ஈடு கட்ட வேண்டும் என்ற நடைமுறை வலுப்பெற்றது. முன்கூட்டியே பெரிய ஈரநிலங்களை மீட்டு வைத்து, தேவைப்படும் கட்டுமானக்காரருக்குக் கணக்கு அலகுகளாக விற்கும் 'இழப்பீட்டு வங்கி'கள் பெருகின. 2001இல் அந்நாட்டின் தேசிய ஆராய்ச்சி மன்றம் முழுவதையும் ஆராய்ந்து, இலக்கு எட்டப்படவில்லை என்று தெளிவாக எழுதியது. உருவாக்கிய பல இடங்கள் வெறும் ஆழக் குளங்களாக முடிந்திருந்தன. சில உருவாக்கப்படவே இல்லை. அந்த அறிக்கையின் தாக்கத்தோடு 2008இல் புதிய விதிகள் வந்தன. அளந்து சொல்லக்கூடிய இலக்கு, குறைந்தது 5 ஆண்டுக் கண்காணிப்பு, தோற்றால் செலவழிக்க முன்கூட்டியே கட்டிய பணம், நிரந்தரப் பராமரிப்புக்கு ஒரு பொறுப்பாளர். இவை இல்லாமல் அனுமதி இல்லை. நம் அறிக்கைகளில் மாற்று ஈரநிலம் என்று எழுதும்போது இந்த நான்கில் எத்தனை உடன் வருகின்றன?

2012இல் இன்னொரு கணக்கு வந்தது. உலகெங்கும் மீட்கப்பட்ட, உருவாக்கப்பட்ட 621 ஈரநிலங்களின் தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, நூறாண்டு கழிந்த பின்னும் உயிரினக் கட்டமைப்பு சராசரியாக 26 விழுக்காடும், கரிமமும் நைட்ரஜனும் சுழலும் செயற்பாடு 23 விழுக்காடும் இயற்கை ஈரநிலத்தைவிடக் குறைவாகவே இருந்தன. அதே ஆய்வில் நமக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. 100 ஹெக்டேரைத் தாண்டிய பெரிய நிலங்களும், வெப்பமான பகுதிகளில் உள்ளவையும், ஓதத்தோடு தொடர்புள்ளவையும் விரைவாகத் தேறின. நம் ஊர் வெயில் நமக்குச் சாதகம். ஆனால் இரண்டு ஏக்கர் இங்கே, மூன்று ஏக்கர் அங்கே என்று சிதறிய துண்டுகளுக்கு அந்த நல்ல செய்தி பொருந்தாது.

இனி நம் தொழிலின் மையத்துக்கு வருகிறேன். பறவையும் புல்லும் எங்கள் பாடம் இல்லை ஐயா என்று நீங்கள் சொன்னாலும், வெள்ளம் உங்கள் பாடம்தானே?

ஒரு ஹெக்டேர் தாழ்நிலத்தில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு நீர் நின்றால் 10,000 கன மீட்டர். ஒரு கோடி லிட்டர். அந்த இடத்தை நிரப்பினால் அந்த ஒரு கோடி லிட்டர் அடுத்த மழையில் பக்கத்துத் தெருவுக்குப் போகும். இருபது கிலோமீட்டர் தள்ளி, வேறொரு வடிநிலத்தில், நீங்கள் ஒரு ஹெக்டேர் குளம் வெட்டிக் கொடுத்தால் அந்தத் தெருவில் ஓர் அங்குலம்கூடத் தண்ணீர் குறையாது. வெள்ளத் தேக்கம் என்பது இடத்தோடு பிறந்தது. பள்ளம் எங்கே இருக்கிறது, எந்த ஏரியின் கலங்கலுக்குக் கீழே இருக்கிறது, எந்த மடுவுக்கு மேலே இருக்கிறது என்பதுதான் அதன் மதிப்பு. பரப்பளவு அதற்குப் பின்னால் வருவது.

பள்ளிக்கரணையை நினைத்துப் பாருங்கள். தென்சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகளின் உபரிநீர் அங்கே இறங்கி, பரவி, நிதானித்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடல் சேர்கிறது. அரை நூற்றாண்டுக்கு முன் அந்தச் சதுப்பு 5,000 ஹெக்டேருக்கு மேல் விரிந்திருந்தது என்று மதிப்பிடுகிறார்கள். 2022இல் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டபோது அதன் எல்லைக்குள் வந்தது சுமார் 1,248 ஹெக்டேர். இடைப்பட்ட நிலத்தில் ரயில் பாதை, நிறுவனங்கள், குடியிருப்புகள், குப்பைமேடு. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வேளச்சேரியிலும் மடிப்பாக்கத்திலும் பள்ளிக்கரணையிலும் வீடுகளுக்குள் நின்ற நீர், முன்பு சதுப்பில் நின்ற நீர்தான். அதற்கு ஈடாகச் செங்கல்பட்டிலோ திருவள்ளூரிலோ ஒரு குளம் வெட்டியிருந்தால் அந்த வீடுகளுக்கு என்ன பயன்?

சென்னைக்கு இது புதிய பாடமும் இல்லை. மாம்பலத்தின் நீண்ட ஏரி தியாகராய நகரானது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. அவற்றுக்கு ஈடு கொடுப்பது என்ற பேச்சே அன்று இல்லை. இன்று பேச்சு இருக்கிறது. அந்தப் பேச்சு அழிப்பதை எளிதாக்கும் கருவியாகிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. காட்டின் விஷயத்தில் அப்படித்தான் ஆயிற்று. 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தையொட்டி ஈட்டுக் காடு வளர்ப்பு வந்தது. 2016இல் அந்த நிதிக்கெனத் தனிச் சட்டமும் வந்தது. பழைய காடு போனது போனதுதான். நடப்பட்டவை பல இடங்களில் ஒரே வகை மரங்களின் வரிசைகள். பணம் கட்டிவிட்டோம் என்ற நிம்மதி மட்டும் அனைவருக்கும் கிடைத்தது.

ஈரநிலத்தை நகரத்திலிருந்து கிராமத்துக்கு நகர்த்தும்போது மனிதர்களும் மாறிவிடுகிறார்கள். ஃப்ளோரிடா மாநில இழப்பீட்டு வங்கிகளைப் பற்றி ஜே. பி. ரூல், ஜேம்ஸ் சால்ஸ்மன் என்ற இரண்டு சட்டப் பேராசிரியர்கள் 2006இல் எழுதினார்கள். மக்கள் நெருக்கமாக வாழும் இடங்களில் ஈரநிலம் அழிந்து, ஆட்கள் குறைவான இடங்களில் ஈடு உருவாகிறது என்று அவர்கள் காட்டினார்கள். நிலம் அங்கேதான் மலிவு. அதனால் அங்கே போகிறது. நம் ஊரில் இதை இன்னும் கூர்மையாகப் பார்க்க வேண்டும். சதுப்பின் ஓரத்தில் கோரை அறுத்தவர்கள், மாடு மேய்த்தவர்கள், விராலும் கெளுத்தியும் பிடித்தவர்கள், கிணற்றில் நல்ல தண்ணீர் இறைத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் கையில் பட்டா கிடையாது. மாற்று ஈரநிலத்துக்கு அவர்களை யாரும் அழைத்துச் செல்லப் போவதில்லை. அறிக்கையில் 'பாதிக்கப்படும் குடும்பங்கள்' என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டிருப்பதைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு வலிக்கிறது. எண்ணாமல் போட்ட பூஜ்யம் அது.

காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2006ஆம் ஆண்டின் சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்கீழ் பெரும்பாலான திட்டங்களுக்கு மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்தின் தரவே அடிப்படையாகப் போதும் என்று நடைமுறை இருக்கிறது. காற்றின் தூசியை அளக்க அது பொருந்தலாம். ஈரநிலத்தை அளக்க? வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் ஊரில் மார்ச் முதல் மே வரை களத்துக்குப் போனால் வெடித்த தரையும் நாலு மாடும்தான் தெரியும். 'வறண்ட, பயன்பாடற்ற புறம்போக்கு' என்று ஒரு புகைப்படத்தோடு எழுதிவிடலாம். அதே இடத்தில் டிசம்பரில் மார்பளவு தண்ணீர் நிற்கும். நனைவதும் காய்வதும் சேர்ந்ததுதான் அந்த நிலம். காய்ந்தபோது சேற்றில் முட்டையாகவும் விதையாகவும் கிடப்பவை, நனைந்ததும் மீனுக்கும் தவளைக்கும் பறவைக்கும் இரையாகின்றன. ஆண்டு முழுதும் தண்ணீர் ததும்பும்படி தோண்டி, கரைக்குக் கல் பதித்து, நடைபாதையும் நடுவில் தீவும் அமைத்துத் தருவதை ஈரநிலம் என்று எழுதாதீர்கள். கணுக்கால் அளவு நீரில் இரை தேடும் உள்ளானுக்கு அங்கே கால் வைக்க இடமிருக்காது.

ஏரிகளைப் பற்றி ஒரு வார்த்தை. 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகள், ஈரநிலத்தை வேறு பயனுக்கு மாற்றுவதைத் தடை செய்கின்றன. ஆனால் பாசனத்துக்கென்றும் குடிநீருக்கென்றும் மனிதர் அமைத்த நீர்நிலைகளையும் நெல் வயல்களையும் அந்த விதிகளின் வரையறை விலக்கி வைக்கிறது. தமிழ்நாட்டில் 39,000க்கும் மேற்பட்ட ஏரிகள், கண்மாய்கள். பெரும்பாலும் நம் முன்னோர் பாசனத்துக்கென்று கரை எழுப்பியவை. ஒன்றின் கலங்கல் நீர் அடுத்ததன் வரத்து என்று சங்கிலியாகக் கோத்தவை. நடுவில் ஒன்றை எடுத்துவிட்டு வேறெங்கோ புதிதாக ஒன்றைத் தோண்டினால் மேலே உள்ளது உடையும், கீழே உள்ளது காயும். காஞ்சிபுரம் மாவட்டத்தில் பரந்தூர் விமான நிலையத்துக்கு எடுக்கும் நிலத்துக்குள் ஏரிகள் வருகின்றன. கம்பன் கால்வாய் குறுக்கே ஓடுகிறது. அங்குள்ள ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் இதைத்தான் சொல்லி வருகிறார்கள். அவர்கள் பேசுவதை உணர்ச்சிவசப்பட்ட எதிர்ப்பு என்று ஒதுக்காதீர்கள். மதகையும் கலங்கலையும் பற்றி அவர்கள் சொல்வது சுத்தமான நீரியல்.

எல்லா இடத்திலும் தோல்விதான் என்று நான் சொல்லவில்லை. ஹாங்காங்கில் ஒரு ரயில் நிறுவனம் எல்லைப்பகுதியான லோக் மா சாவுக்குப் புதிய பாதை போட, லாங் வேலி என்ற ஈரநில வயல்வெளியின் குறுக்கே மேம்பாலம் கட்டத் திட்டமிட்டது. ஈடாக ஈரநிலம் தருவதாகவும் சொன்னது. 2000ஆம் ஆண்டில் சூழல் பாதுகாப்பு இயக்குநர் அனுமதி மறுத்தார். நிறுவனம் மேல்முறையீடு செய்தது. 2001இல் அதுவும் தள்ளுபடியானது. பிறகு என்ன ஆயிற்று? ரயில் வராமல் போகவில்லை. அதே பொறியாளர்கள் வயல்வெளிக்கு அடியில் சுரங்கம் குடைந்து பாதை போட்டார்கள். 2007இல் ரயில் ஓடியது. மறுப்பு என்ற ஒன்று இருந்ததால்தான் அந்தச் சுரங்கம் பிறந்தது. 'மாற்று வழி சாத்தியமில்லை' என்று எழுதச் சொல்லும்போது உங்களுக்கு இந்தச் சுரங்கம் நினைவுக்கு வர வேண்டும்.

லோக் மா சாவ் நிலையத்தைக் கட்டியபோது மீன்குளங்கள் சில போயின. அதைத் தவிர்க்க முடியவில்லை. அதற்கு ஈடாக, நிலையத்தை ஒட்டியே, ஏற்கனவே இருந்த குளங்களை எடுத்துப் பறவைகளுக்காகப் பராமரிக்கிறார்கள். வேறு ஊருக்குப் போகவில்லை. புதிதாகத் தோண்டவும் இல்லை. குளிர்காலத்தில் குளங்களை வடியவிடுகிறார்கள். நீர் ஆழம் குறைந்ததும் கருமுகக் கரண்டிவாயன்கள் வந்து மீன் பிடிக்கின்றன. ரயில் ஓடும் காலமெல்லாம் இந்தப் பராமரிப்பும் ஓட வேண்டும். முதலில் தவிர்த்து, முடியாததைக் குறைத்து, மிஞ்சியதை அதே இடத்தில், அதே வகையில் ஈடுசெய்த இந்த வரிசைதான் முக்கியம். நம் அறிக்கைகளில் கடைசிப் படி முதலில் வந்துவிடுகிறது.

தமிழ்நாட்டில் மாற்று ஈரநிலத்துக்கு இடமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. இழந்த ஈரநிலங்களே அந்த இடம். புதிதாக உருவாக்குவதைவிட, முன்பு ஈரநிலமாக இருந்ததை மீட்பது வெற்றிபெற வாய்ப்பு அதிகம் என்று அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் 2001ஆம் ஆண்டு அறிக்கையும் சொன்னது. அங்கே பள்ளமும் களிமண்ணும் இருக்கின்றன. அடைபட்ட வரத்துக்கால் இருக்கிறது. மண்ணுக்குள் பழைய விதைகளும் இருக்கலாம். பெருங்குடியில் 200 ஏக்கருக்கும் மேல் சதுப்பை மூடிய குப்பைமேட்டை அகழ்ந்து பிரித்தெடுக்கும் பணி தொடங்கப்பட்டுள்ளது. அப்படி வெளிவரும் நிலம் பூங்காவாகவோ கட்டடமாகவோ ஆகாமல் சதுப்போடு சேர வேண்டும். பழைய தரைமட்டத்துக்கு இறக்கி, நஞ்சேறிய மண்ணைச் சோதித்து அகற்றி, சதுப்பின் நீர் அதற்குள் புகவிட வேண்டும். தென்சென்னையில் எந்தத் திட்டமாவது ஈரநில இழப்பீடு பற்றிப் பேசினால், அந்தப் பணம் போக வேண்டிய முதல் இடம் அது. அதே வடிநிலம், அதே சதுப்பு, அதே மக்கள்.

அடுத்தமுறை அந்தக் கோப்பு உங்கள் மேசைக்கு வரும்போது நீர்ச் சமநிலைக் கணக்கிலிருந்து தொடங்குங்கள். மாற்று இடத்துக்கு நீர் எங்கிருந்து வரும், அந்த நீர் இப்போது யாருக்குப் போகிறது, மழை பொய்த்த ஆண்டில் எத்தனை மாதம் நனைந்திருக்கும், எப்போது காயும் என்பதை மாதவாரியாகப் போடுங்கள். கணக்கு வராத இடத்தை ஏற்காதீர்கள். மண்ணைத் தோண்டிப் பாருங்கள். நிறத்தையும் களியையும் எழுதுங்கள். அழியப்போகும் நிலத்தின் மேல்மண்ணை அப்படியே பெயர்த்துப் பரப்ப முடியுமா என்று கேளுங்கள். அக்டோபர் முதல் ஜனவரி வரை களத்தில் நில்லுங்கள். ஒப்பந்தத்தில் அந்த மாதங்கள் இல்லையென்றால் சேர்க்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு 2015இல் நீர் எந்த மட்டம்வரை நின்றது என்று சுவரில் குறித்து அளந்து வாருங்கள். மாற்று நிலம் யார் பெயரில் இருக்கும், முப்பதாவது ஆண்டில் அங்கே மதகைத் திறக்கும் ஆளுக்குச் சம்பளம் யார் கொடுப்பார்கள், தோற்றால் எந்தக் கணக்கிலிருந்து பணம் வரும் என்ற கேள்விகளுக்குப் பதில் கிடைக்கும்வரை அந்த வாக்கியத்தை வெற்றிடமாகவே விட்டு வையுங்கள்.

தாமதமாகிறது என்று மேலே இருப்பவர் சொல்வார். வேலை போய்விடுமோ என்ற பயமும் வரும். வீட்டுக்கடனும் அப்பாவின் மருந்துச் செலவும் உங்களுக்கு இருப்பது எனக்குத் தெரியும். தனியாக நின்று மறுக்கச் சொல்லவில்லை. கணக்கை மட்டும் முழுதாகப் போட்டு அறிக்கையோடு இணைத்துவிடுங்கள். அது பொது ஆவணமாகிவிட்டால், பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் அதை எடுத்துப் படிக்க ஊரில் ஆள் இருக்கிறார்கள். தேவைப்பட்டால் பசுமைத் தீர்ப்பாயத்திலும் அது பேசும். கணக்குப் போடும்போது எங்காவது தடுமாறினால் எனக்கு எழுதுங்கள். மழையளவுப் பதிவேடுகளையும் பழைய ஏரி வரைபடங்களையும் எடுத்துக்கொண்டு நானே வந்து உங்களோடு உட்காருகிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய நீரியல் ஆசிரியர்